கோனுக்கு மருந்து

காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டால் அந்த வீட்டில் யாரும் தும்மக்கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். ஜன்னலைச் சாத்த வேண்டும். அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தால் இறக்கி வைத்துவிட வேண்டும். சொட்டுகிற குழாய்க்குக் கீழே ஒரு பழைய துணியை மடித்துப் போட்டிருந்தாள் அவர் மனைவி. துணிமேல் விழுகிற சொட்டுக்குச் சத்தம் கிடையாது. கல்யாணமான புதிதில் இதெல்லாம் அவளுக்குச் சிரிப்பாக வந்தது. ஒருமுறை அடக்க முடியாமல் சிரித்தும்விட்டாள். அன்றைக்கு அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு சிரிப்பு வந்தால் கொல்லைப்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வருவாள்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. எதிரொலி வராமலிருக்கச் சுவர் நெடுக முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் கோழிப்பண்ணை வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். கிழிந்தது, கருகியது, எலி கடித்தது என்று எல்லாவிதமான ஸ்பீக்கரும் அங்கே வந்து சேரும். பழைய காகிதத்தைச் சுரண்டி எடுத்து, புதுக் காகிதம் ஒட்டி, பேச வைத்து அனுப்புவார்கள்.

ஸ்பீக்கருக்குள் கூம்பு மாதிரி இருக்கும் அந்தக் காகிதத்துக்குக் கோன் என்று பேர். அது ஒரே உடம்பாக முன்னும் பின்னும் அசைந்தால்தான் குரல் குரலாக வரும். ஆனால் காகிதம் சொன்ன பேச்சைக் கேட்காது. சில சத்தங்களுக்கு ஓரம் தனியாகத் துடிக்கும், நடு தனியாக நடுங்கும். பேசுகிறவர் ஒன்று சொல்ல, காகிதம் தன் பங்குக்கு ஒரு ரீங்காரத்தைச் சேர்த்து அனுப்பும். பட்டறையில் அதற்கு அழுகை என்று பேர் வைத்திருந்தார்கள். அழுகையை அடக்கக் கோன்மேல் ஒரு பிசினைப் பூசுவார்கள். கறுப்பாக, கெட்டியாக, காய்ந்த பிறகும் விரலில் லேசாக ஒட்டுவதாக இருக்கும் அந்தப் பிசினுக்கு மருந்து என்று பேர். மருந்து குறைந்தால் அழுகை நிற்காது. கூடினால் கோன் கனத்துப்போய்ச் சோம்பேறியாகிவிடும். பேச்சு சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல மொத்தையாக வரும்.

அழுகையைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. மருந்து பூசுவது அவள் வேலை. டோன் பெட்டி என்று ஒன்று வைத்திருந்தார். அதன் குமிழைத் திருப்பினால் சத்தம் உறுமலில் தொடங்கி விசில் வரைக்கும் ஏறும். விசில் பக்கம் போகும்போது சத்தத்தை மிகவும் தணித்து, ஒரு நூலிழை அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார். மிச்சசொச்ச அழுகை அங்கேதான் ஒளிந்திருக்கும் என்பார். கண்ணை மூடியபடியே கோனில் ஓர் இடத்தைச் சுட்டி, "இங்க" என்பார். அவள் அந்த இடத்தில் பிரஷ்ஷை வைப்பாள். தெருவில் அவரைக் காதுக்காரர் என்றும் அவளை மருந்தக்கா என்றும்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பேர் ரேஷன் அட்டைக்கு மட்டும்தான் உதவியது.

அந்தக் காதுக்கும் கைக்கும் கொஞ்ச காலமாகக் கெட்ட நேரம். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக் கொடுத்த ஸ்பீக்கர்கள் எல்லாமே திரும்பி வந்தன. பேசுகிறது புரியவில்லையாம். கூட்டங்களுக்கு மேடையும் மைக்கும் போடுகிற மேடைக்காரர்தான் அவற்றைக் கொண்டுவந்து இறக்கினார். அவர் அவர்களுடைய பழைய வாடிக்கைக்காரர். இப்போது புதிதாகக் கட்டிய அரங்கம் ஒன்றுக்கு எட்டு ஸ்பீக்கர் கொடுத்திருந்தார். மறுநாள் திறப்பு. இன்று சாயந்திரம் வண்டியோடு வருகிறார்.

காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டு காற்று அசையாமல் நின்றது. இந்த மாதிரிப் புழுக்கத்தில் மருந்து காய்வதற்குள் உயிர் போய்விடும். எட்டு கோன்களும் மேசைமேல் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

"இன்னும் ஒரு கோட்டு மருந்து வை," என்றார் காதுக்காரர்.

"ஏற்கெனவே மூணு வச்சாச்சுங்க."

"மூணு வச்சா என்ன, முப்பது வச்சா என்ன? அழுகை நிக்கலையே."

அவள் சுண்டுவிரலைக் கோனின் ஓரத்தில் பட்டும் படாமலும் வைத்தாள். "என் விரலுக்கு ஒண்ணும் தெரியலையே. கல்லு மாதிரி கிடக்கு."

"விரல் என்ன காதா?"

"காது இல்லதான். ஆனா அழுகை இருந்தா விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இதுல எறும்பும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"எறும்பு தேடணும்னா சக்கரை டப்பாவுக்குப் போ. இங்க நான் சொல்றதைச் செய்."

அவள் வைத்தாள். பிரஷ் நகர மறுத்தது. அடியில் இருந்த மருந்தே இன்னும் முழுசாக இறுகவில்லை, அதன்மேல் இன்னொன்று. அதிகம் என்று அவள் கைக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் காது சொல்லி அவள் கை மறுத்ததில்லை. மறுத்துப் பழக்கமில்லாத கை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பூசிக்கொண்டே போனது.

அப்போது மேடைக்காரரின் போன் வந்தது. கையில் பிசின் இருந்ததால் காதுக்காரர் போனை மேசைமேல் வைத்தே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"அண்ணே, சாயந்திரம் வந்துடறேன். ஒண்ணு சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முகத்துக்காகத்தான் மறுபடியும் உங்ககிட்டயே குடுத்தேன். இதுவும் கம்பளி போத்தின மாதிரி வந்துச்சுன்னா அப்புறம் என்னால முகம் பாக்க முடியாதுண்ணே. ரெடிமேடா வாங்கி மாட்டிட்டுப் போயிடுவேன்."

"காதுல ஒரு குறையும் இல்ல தம்பி. பிரஷ் பிடிக்கிற கைதான் இப்பல்லாம் கொஞ்சம் கனமா விழுது. வயசாகுதில்ல? இந்தத் தடவை நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கறேன்."

"அண்ணியா? அண்ணி கை பூ மாதிரி ஆச்சேண்ணே."

"அதெல்லாம் அந்தக் காலம்."

அந்தக் காலத்து அண்ணி பிரஷ்ஷும் கையுமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மருந்து டப்பாவை அப்படியே அவர் தலையில் கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது. கவிழ்க்கவில்லை, ஆனால் ஆசை உண்மை.

போன் நின்றதும் கேட்டாள். "யார் கை கனம்?"

"இப்ப எதுக்கு சண்டைக்கு வர்றே?"

"வைன்னா வைக்கிறேன், நிறுத்துன்னா நிறுத்துறேன். என் கை எப்போ தானா எழுந்து போய்ப் பூசிச்சு?"

"சொன்ன இடத்துல சொன்ன அளவு விழலைன்னா அழுகை நிக்காது. நிக்காததாலதான் திரும்பத் திரும்ப வைக்க வேண்டியிருக்கு. இதுல நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?"

"ஊரான்கிட்ட சொன்னீங்களே, அது தப்பு."

அவர் அடுத்த கோனை இழுத்து மாட்டினார். அவள், அழுதால் தான் தோற்றதாகிவிடும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

மின்விசிறி நின்றது. ஜன்னல் சாத்தப்பட்டது. காதுக்காரர் குமிழைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். உறுமல் ஏறியது, முனகலாகியது, விசில் பக்கம் போனது. வழக்கம்போல அங்கே சத்தத்தைத் தணித்தார். அவளுக்கு அது கேட்டும் கேட்காததுமாக இருந்தது. பிறகு கேட்கவே இல்லை. இன்னும் குறைத்துவிட்டார் போல என்று நினைத்தாள். அவள் பார்வை தற்செயலாக ஆம்ப்ளிஃபயர் பக்கம் போனது. அதன் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. டோன் பெட்டியின் விளக்கும் அணைந்திருந்தது. மேலே குழல் விளக்கும் எரியவில்லை, மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக வந்த மங்கல் வெளிச்சத்தில் அது உடனே தெரியவில்லை, அவ்வளவுதான். கரண்டு போய்விட்டது.

காதுக்காரர் தலையைக் கோனுக்குள் விடுவதுபோலக் குனிந்திருந்தார். "இதோ," என்றார். "இதோ. அழுவுது பாரு. இந்தா, இங்க."

அவர் விரல் கோனின் ஓரத்தைச் சுட்டியது.

தெருவில்கூட ஒரு சத்தமில்லை. எதிர்வீட்டு மாவு மில் நின்றுபோயிருந்தது. செத்துக் கிடக்கிற ஸ்பீக்கர்மேல் காதை வைத்துக்கொண்டு அவர் எதையோ கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன நின்னுட்டே? வை."

என்ன செய்வது என்று தெரியாமல், மருந்தில் தோய்க்காத பிரஷ்ஷை அவர் காட்டிய இடத்தில் மெதுவாக ஓட்டினாள்.

"ம்ம். கொஞ்சம் அடங்கியிருக்கு," என்றார் காதுக்காரர். கண்ணைத் திறந்து, கழுத்து வேர்வையைத் துடைத்து, மின்விசிறி சுவிட்சைத் தட்டினார். சுற்றவில்லை. "அட, கரண்டு போயிடுச்சா? இப்பதான் போச்சு போல."

"ஆமாங்க, இப்பதான்," என்றாள்.

மதியம் மகள் சாப்பிட வந்தாள். பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். காதுக்காரர் அவசரமாக நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, கரண்டு வரும்வரை கொஞ்சம் கண்ணயர்கிறேன் என்று உள்ளறைக்குப் போய்விட்டார். அம்மாவும் மகளும் சமையலறையில் சோறும் பொரித்த முட்டையும் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

"விளையாட்டுக்குச் சொல்லலியே?" என்றாள் மகள்.

"விளையாட்டா? நின்ன எனக்குல்ல தெரியும். லைட்டெல்லாம் அணைஞ்சு கிடக்கு பாப்பா, இவர் 'இதோ இதோ'ங்கறாரு. வெறும் பிரஷ்ஷை ஓட்டுறேன், அடங்கிடுச்சுங்கறாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

மகள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "அம்மா, காதுக்குள்ளயே விசில் மாதிரி கேக்குறது ஒரு நோவும்மா. எங்க கடைக்கு வர்றவங்க சொல்வாங்க. நிக்காம கேட்டுக்கிட்டே இருக்குமாம். அப்பா படுக்கும்போது ரேடியோவைப் போட்டுக்கிட்டுத்தானே படுக்கிறாரு, எதுக்குன்னு நெனச்சே?"

"பாட்டு பிடிக்கும்னுதான்."

"அதுல ஸ்டேஷனே வராதும்மா. வெறும் இரைச்சல்தான் ஓடும். நான் ஒருநாள் சரியா திருப்பி வச்சேன், என்னைத் திட்டிட்டு மறுபடியும் இரைச்சல்லயே வச்சாரு."

அம்மா கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்தாள். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. "அப்போ அவருக்கே தெரியுமோ?"

"தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்காரோ என்னவோ. டாக்டரைப் பாக்கணும். முதல்ல அவர்கிட்ட சொல்லணும். நான் சொல்லவா?"

"வேணாம். நீ சொன்னா பொண்ணு முன்னாடி மானம் போச்சும்பாரு."

"நீ சொன்னா?"

"நான் சொன்னா சண்டையாப் போகும். அது பரவால்ல, பழக்கம்தான்." சொல்லிவிட்டு அவளுக்கே அழுகை வந்தது. "ஆனா என்னன்னு சொல்லுவேன்? அந்தக் காதுதானே பாப்பா அவரு. அதை எடுத்துட்டா அவர்கிட்ட வேற என்ன இருக்கு?"

"சொல்லாம விட்டா சாயந்திரம் மேடைக்காரர் சொல்லிடுவாரும்மா. எட்டும் கம்பளிதானே?"

"எட்டும் கம்பளிதான்."

மகள் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்து, "நீயும் கோபத்துல சொல்லிடாதே. காலையில பேசினதுக்குப் பழி வாங்கின மாதிரி ஆயிடும்," என்றாள். அம்மாவை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சொல்லாமலே சரிசெய்துவிடுவது. பிசினைக் கரைக்கிற தின்னரில் பஞ்சைத் தோய்த்து, அதிகமாக ஏறியிருக்கிற மருந்தைச் சுற்றுச் சுற்றாக வழித்து எடுத்துவிட்டால் கோன்கள் மறுபடி லேசாகிவிடும். கொஞ்சம் அழுத்தினாலும் காகிதம் ஊறிப்போய்விடும் என்பதுதான் பயம். மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். முதல் கோனில் கறுப்பு பஞ்சோடு வந்தது, அடியில் காகிதத்தின் சாம்பல் நிறம் லேசாகத் தெரிந்தது. இரண்டாவதை முடித்தாள். மூன்றாவதில் கை வைத்தபோது தின்னர் வாசனை உள்ளறை வரைக்கும் போய்விட்டது.

"என்ன பண்றே?"

காதுக்காரர் உள்ளறை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். அவள் பஞ்சை ஒளிக்கவில்லை.

"மருந்தை வழிக்கிறேன்."

"யார் சொன்னாங்க வழிக்கச் சொல்லி?"

"யாரும் சொல்லல. அதிகமா இருக்கு. வழிக்கிறேன்."

அவர் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பஞ்சைப் பிடுங்கினார். "பைத்தியமா உனக்கு? வர்றவன் வண்டியோட வர்ற நேரத்துல... காலையில ஒரு வார்த்தை சொல்லிட்டேன்னு என் பேரையே கெடுக்கப் பாக்கறியா? இத்தனை நாள் இந்தக் காதை வச்சு நான் சேத்த பேரு..."

"காலையில நீங்க அந்த அஞ்சாவது கோனைக் கேட்டீங்களே, அப்போ கரண்டு இல்லைங்க."

கோபத்தில் சொல்லக்கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். கோபத்தில்தான் வந்தது. சொன்ன பிறகு கோபம் போய்விட்டது, பயம் மட்டும் நின்றது.

"என்ன உளர்றே?"

"அழுவுது, இங்கன்னு காட்டினீங்க. ஆம்ப் அணைஞ்சு கிடந்துச்சு. பெட்டி அணைஞ்சு கிடந்துச்சு. நான் வெறும் பிரஷ்ஷைத்தான் ஓட்டினேன், அதுல மருந்தே இல்ல."

"பக்கத்துல எங்கயாவது மோட்டார் ஓடியிருக்கும்."

"தெரு முழுக்க கரண்டு இல்ல. மில்லே நின்னுடுச்சு."

"அப்போ..." என்று தொடங்கி நிறுத்தினார். அவர் முகத்தில் ஒவ்வொரு பதிலாகத் தேடித் தேடி விடுவது தெரிந்தது. கடைசியில் பிடுங்கிய பஞ்சை மேசைமேல் வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போனார்.

அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். துணிக்கொடிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். பிறகு இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் இரண்டு காதுகளையும் இறுக்கமாக அடைத்துக்கொண்டார். அப்படியே நின்றார். மழையின் முதல் தூறல் அவர் சட்டையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அவர் நகரவில்லை. போய்க் கையைப் பிடித்து இழுத்து வரலாம் என்றிருந்தது அவளுக்கு. ஆனால் இது அவராகக் கேட்டு முடிக்க வேண்டிய ஒன்று என்று நினைத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்து பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"காதை அடைச்சா இன்னும் ஜாஸ்தியா கேக்குது," என்றார்.

அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எப்போலேர்ந்து?"

"தெரியல. எந்த ஸ்பீக்கர் வந்தாலும் அதே அழுகை. எல்லா கோனும் எப்படி ஒரே மாதிரி அழும்னு யோசிச்சேன். பேப்பர் மட்டமாயிடுச்சுன்னு நெனச்சேன். கடைக்காரனை மாத்திப் பாத்தேன். அப்புறம் உன் கைன்னு நெனச்சேன்."

"என் கைன்னு நெனைக்கிறது சுலபமா இருந்துச்சு."

"ஆமா," என்றார். மறைக்கவில்லை. "உன் கைன்னு நெனச்சா தூக்கம் வந்துச்சு."

அந்தப் பதில் அவளைச் சுட்டது. ஆனாலும் பொய் சொல்லாமல் சொன்னாரே என்றிருந்தது. தலையைக் குனிந்துகொண்டிருந்த அந்த மனுஷனைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் கோபமாகவும் மாறி மாறி வந்தது. இரண்டுக்கும் இப்போது நேரமில்லை.

"டாக்டரைப் பாக்கலாம். பாப்பா சொல்றா. அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப இந்த எட்டும் இப்படியே போனா நம்ம கதை முடிஞ்சுது. பஞ்சை எடுங்க."

"எவ்வளவு வழிக்கணும்?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் எவ்வளவு என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க விளிம்பைப் பிடிச்சுக்குங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் விளிம்பைப் பிடித்துச் சுற்றிக் கொடுத்தார், அவள் துடைத்தாள். மழை கூரைமேல் சடசடவென்று இறங்கியது. அறை இருட்டிக்கொண்டு வந்ததும் அவர் ஒரு கையில் டார்ச்சைப் பிடித்தார். தின்னர் வாசனையில் இரண்டு பேருக்கும் தலை சுற்றியது, கதவைத் திறந்தால் சாரல் அடித்துக் காகிதம் ஊறிவிடும். ஒரு கோனில் அவள் கை கொஞ்சம் அழுந்திவிட்டது. காகிதம் மெத்தென்று ஆவதை விரல் உணர்ந்ததும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "ஊதுங்க, ஊதுங்க," என்றாள். காதுக்காரர் பிறந்தநாள் பிள்ளைபோலக் கன்னம் உப்ப ஊதினார். வேறொரு நாளாக இருந்தால் கொல்லைப்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்திருப்பாள்.

கடைசி இரண்டு கோன்களை அவசர அவசரமாக வழித்துக்கொண்டிருந்தபோது கரண்டு வந்தது. அவர் ஓடிப்போய் ஆம்பைப் போட்டு, முதல் ஸ்பீக்கரை மாட்டினார். ஸ்டூலில் உட்காரப் போனவர் அப்படியே நின்று, ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நான் திருப்புறேன். நீ கேளு."

"எனக்குக் கேக்கத் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேனே, அதுக்கு இது மேல்."

அவள் கண்ணை மூடினாள். மூடியதும் எல்லாமே கேட்டது. மழை கேட்டது, தன் மூச்சு கேட்டது, அவர் மூச்சு கேட்டது, பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்ப்பது கேட்டது. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரு காகிதத்தின் முனகலை மட்டும் எப்படித்தான் இந்த மனுஷன் இத்தனை காலம் பொறுக்கி எடுத்தாரோ என்று ஆச்சரியமாக இருந்தது. விரலையும் கோனில் வைத்துக்கொண்டாள். உறுமல் ஏறியது, விசில் வரைக்கும் போய் இறங்கியது.

"இருக்கா?" என்றார் அவர்.

"இல்ல. சுத்தமா இருக்கு."

"சுத்தமாவா?"

"சுத்தமா."

அவர் ஸ்பீக்கரைக் கழற்றினார். தன் காதுக்குள் அது அழுதுகொண்டிருக்க, அவள் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அதை ஓரமாக எடுத்து வைப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எடுத்து வைத்த விதத்திலேயே தெரிந்தது. அடுத்ததை மாட்டினார். அதற்கடுத்ததை மாட்டினார். ஆறு முடிந்திருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது.

மேடைக்காரர் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். "அண்ணே, மழை இன்னும் பலமா வரும்போல. சீக்கிரம் பாத்துட்டு ஏத்திடலாம். அண்ணி, டீ எல்லாம் வேணாம்." தன் போனை ஆம்பில் மாட்டி, யாரோ ஒரு பெண் செய்தி வாசிக்கிற பதிவைப் போட்டார். முதல் ஸ்பீக்கர் பேசியது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக உதிர்ந்தது.

மேடைக்காரரின் முகம் மலர்ந்துபோயிற்று. "இதுண்ணே! இப்பதான் போர்வையை விட்டு எழுந்து வந்திருக்கு. காலையில நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க."

காதுக்காரர் வாசற்படியில் போய் மழையைப் பார்த்தபடி நின்றுகொண்டார். மேடைக்காரர் ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டு, தலையாட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்தார். ஏழாவது பேசத் தொடங்கியது.

அந்தப் பெண்ணின் குரலுக்கு அடியில் இன்னொன்று சேர்ந்து நடுங்கியது. மெல்லியதுதான். சில எழுத்துகளில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டது. அவர் நோவு தனக்கும் தொற்றிக்கொண்டதோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. கிட்டப் போய் விரலை வைத்தாள். எறும்பு ஊர்ந்தது.

மேடைக்காரர் அதற்குள் போனைக் கழற்றி, பிளாஸ்டிக் தாளை விரித்துவிட்டார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாளை அரங்கத்தில் உட்காரப் போகிறவர்களுக்கும் கேட்காமல் போகலாம். காதுக்காரர் வாசலில் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் வண்டி போய்விடும். திறந்தால், கை கனம் என்று காலையில் கேட்ட அதே ஆள் முன்னால், இன்றைக்குத் தன் கைதான் தப்புப் பண்ணியது என்று தானே சொல்ல வேண்டும்.

"அதை ஏத்தாதீங்க தம்பி," என்றாள்.

"ஏன் அண்ணி? நல்லாத்தானே இருந்துச்சு?"

"அழுவுது. நான்தான் அவசரத்துல மருந்தை அதிகமா வழிச்சிட்டேன். என் தப்புதான்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே! அண்ணே, என்னண்ணே அண்ணி இப்படிச் சொல்றாங்க? வண்டிக்காரன் வேற கத்துறான். நீங்க சொல்லுங்க, ஏத்தலாமா வேணாமா?"

காதுக்காரர் திரும்பினார். மேடைக்காரரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். மெதுவாக வந்து ஸ்பீக்கருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை.

"வலது பக்கம்," என்றார். "ஓரத்துலேர்ந்து ரெண்டு விரல் உள்ள."

அவள் விரலில் எறும்பு ஊர்ந்த இடமும் அதுதான்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"போட்ட உடனே கேட்டுச்சு."

"அப்போ ஏன் சொல்லல?"

"எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்."

அவர் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் மருந்து டப்பாவின் மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினார். மேடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ பெரிய சங்கதி என்று மட்டும் தெரிந்துகொண்டு, வண்டிக்காரனைச் சமாதானப்படுத்த வெளியே போனார். அவள் அந்த இடத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு கோட்டு வைத்தாள். அவர் மேசை விசிறியைப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து விசிறியை நிறுத்திவிட்டு, மேடைக்காரர் விட்டுப்போன போனை மாட்டினார்கள். அந்தப் பெண் மறுபடியும் செய்தி வாசித்தாள். இரண்டு பேரும் குனிந்து கேட்டார்கள்.

"போயிடுச்சா?" என்று கேட்டார்.

அவள் இன்னும் கொஞ்சம் கேட்டாள். "போயிடுச்சுங்க."

"நல்லா கேட்டுச் சொல்லு."

"நல்லா கேட்டுத்தான் சொல்றேன். போயிடுச்சு."

"அப்போ மிச்சம் கேக்குறது என்னோடது," என்றார் காதுக்காரர். ஸ்பீக்கரைத் தாளில் சுற்றி, எட்டாவதை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.